என் பேரில் நீ அடித்த கோல்

இன்று காலை கடற்கரை மீன் வாடிக்கு ஐஸ் லொறி வந்தது. இறக்கும்போது ஒரு கட்டி நழுவி விழுந்து உடைந்தது. சூரை மீனைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் குனிந்து ஒரு துண்டை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று முதலில் எனக்கே விளங்கவில்லை. உருகி முழங்கை வரை தண்ணீர் ஓடிய பிறகுதான் விளங்கியது. உனக்கு எடுத்திருக்கிறேன்.

உன் வலது முழங்காலுக்கு. அதை லேஞ்சித் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு இந்த மணலில்தான் உட்கார்ந்திருப்பாய். மீன் பெட்டியில் கிடந்த ஐஸ், அதனால் கால் முழுக்க மீன் மணக்கும். "ஆஸ்பத்திரி ஐஸ விட இது நல்லம் நானா, இதில உப்பு இரிக்கி" என்று கூடப்பிறந்த தம்பி மாதிரிச் சொல்வாய். அந்த மணத்தோடு பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையாம். சிலாபம் வரை காலை நீட்டிக்கொண்டு போகலாமாம். நீ சொல்லும்போது நான் சிரித்தேன். தனியாக நீ போன அத்தனை பஸ்களையும் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

நீ மவுத்தாகி நாற்பது நாள் கழிந்துவிட்டது. உன் தங்கச்சி மன்னாரிலிருந்து போனில் சொன்னாள். "காக்கா சுபஹுத் தொழுகைக்குப் பொறகு போயிட்டார் நானா. லுஹரோட அடக்கிட்டம். ஒங்களுக்குச் சொல்லச் சொல்லி முந்தியே நம்பர் எழுதி வெச்சிருந்தார்." எனக்கு ஒரு பிடி மண் போடக் கிடைக்கவில்லை. போனை வைத்துவிட்டு வாசலில் நின்றேன். சொல்லி அழ வீட்டில் ஆள் இல்லை. என் மனைவி போய் ஆறு வருடம்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். மாம்புரியில் கட்டிக்கொடுத்தவள், கிழமைக்கு ஒருநாள் வந்து சோறு ஆக்கி வைத்துவிட்டுப் போவாள். மற்ற ஆறு நாளும் வீட்டில் நானும் றேடியோவும்தான். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று என்னிடம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் உன் முன்னால் நான் ஒருநாளும் நேரே விஷயத்துக்கு வந்தவன் இல்லையே.

தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரை விட்டு எங்கள் புத்தளம் பக்கம் நீங்கள் வந்தீர்கள். ஒரு பையும் உடுத்த துணியுமாக வந்தவர்களைத் தென்னந்தோட்டத்தில் ஓலைக் குடில் போட்டு இருத்தினார்கள். உன் வாப்பா அந்தக் குடிலில் அதிக நாள் இருக்கவில்லை. எங்கள் மையவாடியில்தான் அடக்கினோம். சந்தாக்கைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கபுறுக் குழியிலிருந்து நீ ஏறமுடியாமல் தடுமாறியபோது கையைக் கொடுத்து இழுத்துவிட்டேன். நமக்குள் பழக்கம் தொடங்கியது அப்படித்தான். மன்னாரில் நீ உதைபந்தாட்டக்காரன் என்று அப்போது எனக்குத் தெரியாது. உன் பையில் இருந்தது இரண்டு சாறனும் ஒரு சோடி பூட்ஸும் என்பதும் பிறகுதான் தெரியும். வீட்டை விட்டு ஓடும்போது ஆட்கள் உறுதிப் பத்திரத்தை எடுத்தார்கள், நகையை எடுத்தார்கள். நீ பூட்ஸை எடுத்தாய்.

எங்கள் ஊர்க் கழகம் அந்த வருடம்தான் முதல்முறையாகப் பைனலுக்கு வந்தது. முந்தல் பக்கத்துக் கழகத்தோடு ஆட்டம். அதற்கு இரண்டு நாள் முன்பு வலை இழுக்கும்போது என் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. பதினொரு பேருக்கு மேல் எங்களிடம் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான், மற்றவன் சவூதிக்குப் போயிருந்தான். கழகத்துச் செக்கட்டரி, மீன் வியாபாரி, என் கட்டிலருகில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேம்ப்ல ஒரு பொடியன் இரிக்கான். நல்லா ஆடுவானாம். ஆனா பதிஞ்ச பேர்ல அவன்ட பேர் இல்ல. இந்தப் பகுதி ஆள் எண்டதுக்கு அவனுக்குக் கடுதாசியும் இல்ல."

"அதுக்கு?"

"ஒன்ட ஐடென்டி காட்டத் தா."

அடையாள அட்டையில் இருந்த படம் என் இருபது வயதில் எடுத்தது. எனக்கு முப்பத்தைந்து நடந்தது. உனக்கு இருபத்து மூன்று. தாடியும் ஒட்டிய கன்னமுமாக அந்தப் படம் என்னைவிட உன்னைப் போலத்தான் இருந்தது. நான் கொடுத்தேன். யோசிக்கவில்லை. கப்பு வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

மைதானம் மையவாடி மதிலை ஒட்டியது என்பதை இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். உனக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டுப்போட்ட காலோடு நான் எல்லைக் கோட்டுக்கு வெளியே தென்னைமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நடுவர் வெளியூர்க்காரர். வரிசையாக நிறுத்தி, அட்டையைப் பார்த்து, ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். முந்தல்காரர்கள் ஏதோ காதில் போட்டிருக்க வேண்டும். உன்னிடம் வந்ததும் அதிகமாகக் கேட்டார்.

"பேர்?"

நீ என் பேரைச் சொன்னாய்.

"வாப்பாட பேர்?"

செக்கட்டரி வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். நீ ஒருமுறை மதிலைப் பார்த்தாய். பிறகு என் வாப்பாவின் பேரைச் சொன்னாய்.

அந்த ஆட்டத்தைப் பற்றி ஊரில் இப்போதும் கதைக்கிறார்கள். வலது பக்கம் நீ ஓடிய ஓட்டத்தை நான் யாருக்கும் விளக்க முயன்றதில்லை. பந்து உன் காலோடு ஒட்டியிருக்கவில்லை. நீ எங்கே போகப்போகிறாயோ அங்கே உனக்கு முன்னால் போய்க் காத்துக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் மூன்று பேரைத் தாண்டி, குறுக்காக, தரையோடு ஒரு அடி. வலை அசைந்த பிறகுதான் கீப்பர் விழுந்தான். சனம் என் பேரைச் சொல்லிக் கத்தியது. தென்னையடியில் இருந்த என்னைத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார்கள். சிறந்த வீரர் என்ற சான்றிதழ் என் பேரில் எழுதப்பட்டது. நீதான் போய்க் கைநீட்டி வாங்கினாய். வாங்கிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய்.

செக்கட்டரி பின்னாலேயே வந்தார். "ஜேர்சியக் கழட்டித் தாங்க தம்பி. பதினொண்டும் திரும்பணும்."

நீ கழற்றிக் கொடுத்தாய். ஈரமான ஜேர்சியை அவர் இரண்டு விரலால் பிடித்து உரப்பையில் போட்டுக்கொண்டு போனார். வெற்றுடம்போடு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். கப்பைத் தூக்கிக்கொண்டு சனம் பள்ளிவாசல் பக்கம் போய்விட்டது. மைதானத்தில் நாம் இரண்டு பேர்தான்.

"வாப்பா போயி இருவது நாள் ஆகல்ல. நான் இன்னொராள்ட மகன் எண்டு சொல்லிட்டன் நானா. அவருக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காது."

"மதில் கிட்டத்தானே."

தன் தகப்பனை விட்டு இன்னொருவரைத் தகப்பன் என்று சொல்வது நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய பிழை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செக்கட்டரிக்கும் தெரியும். கப்பு வேண்டியிருந்தவர்களுக்கு அன்று அது மறந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு நீங்க சொல்லிருங்க நானா. அந்தக் கோல் நான் அடிச்சதெண்டு. என்ட வாப்பாட பேரையும் சேத்துச் சொல்லணும்."

"சொல்றன்" என்றேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு கடிதம் வந்தது. இதைத்தான் உனக்கு நான் சொல்லவில்லை.

நீளமான கவர். முத்திரையோடு ஒரு சிவப்பு அடையாளமும் அச்சடித்திருந்தது. தபால்காரர் என் பேரைச் சொல்லித் தந்துவிட்டுப் போனார். எனக்கு வந்த முதல் கடிதம் அது. பிரித்துப் பார்த்தேன். தமிழ் எழுத்து எப்படி இருக்கும் என்றாவது எனக்குத் தெரியும். அது தமிழும் இல்லை. கள்ளப்பேர் பிடிபட்டுவிட்டது, விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு என்ன நடந்தாலும் நடக்கட்டும். உன்னுடைய நிவாரண அட்டையை வெட்டிவிட்டால் உன் உம்மாவும் தங்கச்சியும் எதைத் தின்பார்கள்? செக்கட்டரியிடம் காட்டியிருந்தால் பயத்தில் ஊரெல்லாம் சொல்லிவிடுவார். பள்ளிக்கூட மாஸ்டரிடம் காட்டினால் அவர் நேர்மையான மனிசன். ஆகவே யாரிடமும் காட்டவில்லை. அலுமாரியில், மனைவியின் கலியாணச் சாரிக்கு அடியில் வைத்துவிட்டேன். அன்றைக்குப் பின்னேரம் நீ வந்து வாசலில் பிளேன்ரீ குடித்தாய். கடிதம் உனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது.

அந்தப் பைனலுக்குப் பிறகு உன்னைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாருடைய பேரில் யார் ஆடினான் என்பது விளையாட்டுக்காரர்களுக்குள் ஒளிக்க முடியாத விஷயம். புத்தளம் டவுனில் ஒரு கழகம் கூப்பிட்டது. பிறகு சிலாபம், நீர்கொழும்பு, குருநாகல். எங்கே ஆள் குறைகிறதோ அங்கே நீ. வலது பக்கத்தில் பிறந்தவன் நீ. உன்னை இடது பக்கம் போட்டார்கள், நடுவில் போட்டார்கள், ஒரு முறை கீப்பராகக்கூட நிறுத்தினார்கள். எந்தப் போட்டிக்குப் போனாலும் இறங்குவதற்கு முன் நீ கேட்கும் கேள்வி ஒன்று இருந்தது. அதை நீ பகிடியாகத்தான் கேட்பாய்.

"இண்டைக்கி நான் ஆரு?"

முகாம்காரனுக்கு இந்த மாவட்டத்தில் பதிவு இல்லை. பதிவு இல்லாதவனுக்குப் பேர் இல்லை. காய்ச்சலில் கிடப்பவன், கலியாண வீட்டுக்குப் போனவன், குவைத்துக்குப் போனவன் என்று வாராவாரம் ஒருத்தனாக நீ ஆடினாய். சிலாபத்தில் ஒரு கத்தோலிக்கப் பேரில் ஆடியதை நீ சொன்னது நினைவிருக்கிறது. அந்தக் கழகத்தில் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டுதான் மைதானத்தில் இறங்குவார்களாம்.

"நீயும் போடு மச்சான், இல்லாட்டிப் பிடிபட்டுடுவாய்" என்று கப்டன் சொன்னானாம்.

"அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிலுவை போடும் நேரத்தில் நீ குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாயாம். பிறகு அது உன் பழக்கமாகிவிட்டது. எந்தக் கழகத்துக்குப் போனாலும் கோட்டைத் தாண்டுமுன் குனிந்து கயிற்றைக் கட்டுவாய். அதை ஒரு ராசி என்று ஆட்கள் நினைத்தார்கள்.

எங்கே ஆடினாலும் ஆட்டம் முடிந்ததும் ஜேர்சியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். இரவல் ஆளுக்கு அது சட்டம். உள்ளூர்க்காரர்கள் ஜேர்சியோடு வீட்டுக்குப் போவார்கள், பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கும். நீ கோட்டோரம் வெற்றுடம்போடு நின்று உன் சேட்டைத் தேடுவாய். எத்தனை நிற ஜேர்சி போட்டாய் என்று ஒருநாள் கேட்டேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "வானத்தில உள்ள எல்லாம் போட்டாச்சு நானா, ஒண்டும் வீட்ட வரல்ல" என்றாய்.

அடுத்த வருடம் கருவாடு கொடுக்க முந்தலுக்குப் போனேன். கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே பாமசி வைத்திருந்தவர் என்னை அறியாதவர். சுகமில்லாத ஆளின் மருந்துத் துண்டைக் காட்டுவது போல அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டி வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது ஒங்களுக்கா வந்த?"

"ஓம்."

"நீங்க பந்து அடிக்கிறீங்களா?"

"வாசிங்களேன்."

அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். நான் இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது. ஆனால் மூன்று முறை கேட்டால் எனக்குப் போதும். முதல் வரியில் என் பேர். பிறகு இது:

இறுதிப் போட்டியில் வலது பக்கத்தில் ஆடிய உங்களது ஆட்டத்தை எமது பயிற்சியாளர் பார்த்தார். அடுத்த மாத முதல் சனிக்கிழமை காலை கொழும்பில் எமது மைதானத்துக்குப் பூட்ஸுடன் வரவும். தெரிவுசெய்யப்பட்டால் எமது நிறுவனத்தில் நிரந்தரத் தொழிலும் தங்குமிடமும் தரப்படும்.

"போனீங்களா?" என்று பாமசிக்காரர் கேட்டார்.

"இல்ல."

"பிழை செஞ்சிட்டீங்க. இது பெரிய இடம். போயிருந்தா பென்சனோட இருந்திருப்பீங்க."

இந்த இடத்தில் மகள் பேனையை வைத்துவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் அவள் வளர்ந்தாள். "வாப்பா, இதையும் எழுதவா?" என்று கேட்டாள். எழுதும்மா என்றேன். எழுதுகிறாள்.

பஸ்ஸில் வரும்போது உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். வாசலில் நீ இருந்தாய். சிலாபத்திலிருந்து நேரே வந்திருந்தாய். முழங்காலில் ஐஸ் கட்டியிருந்தது. இரண்டு கோல் அடித்தாயாம். "ரெண்டையும் ஒரு குவைத்காரன் அடிச்சிட்டான், அவனுக்கு இன்னும் தெரியாது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பின் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை. உனக்கு நோகும் என்றுதான் சொல்லவில்லை என்று வெகுகாலம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது எழுபதை எட்டப்போகிறேன், பொய் எதற்கு? சொன்னால் நீ இந்த வாசலுக்கு வரமாட்டாய் என்று பயந்தேன். மாதத்தில் ஒருநாள் நீ வந்து போவாய். அந்த நாள்தான் எனக்கு நாள்.

பிறகு உனக்குக் கடுதாசி சரியாகி, சொந்தப் பேரில் கொழும்பில் ஒரு இரண்டாம் பிரிவுக் கழகத்தில் இரண்டு சீசன் இருந்தாய். ஹாட்வெயார் கடைக்கு மேலே ஒரு அறை, ஆறு பேர். அதில் ஆபிரிக்காக்காரன் ஒருவன். உனக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு உன் பாஷை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற நான்கு பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீயும் அவனும் பாணும் பருப்பும் வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்து வீதியைப் பார்ப்பீர்களாம். "நானா, அவன்ட ஊரு எவ்வளவு தூரம். என்ட ஊரு ஒரு நாள் பஸ். ரெண்டு பேருக்கும் போகேலாது" என்றாய்.

மாலைதீவுக்கும் ஒரு சீசன் போனாய். உன் ஆட்டக் காலத்தில் நல்ல காலம் என்று நீ சொன்னது அதைத்தான். சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. "அங்க மைக்கில என்ட பேரச் சொன்னான் நானா. வாப்பாட பேரையும் சேத்து, பாஸ்போட்ல இருக்கிற மாதிரி. நான் திரும்பிப் பாத்தன், ஆரோ எண்டு." அதைச் சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். நான் உனக்குக் கொடுத்த வாக்கை நீ கேட்கவில்லை. பார்த்தாய், அவ்வளவுதான். நான் ஐஸ் எடுத்துவரப் போகிறேன் என்று எழுந்து போனேன்.

முழங்கால் போன பிறகு ஒவ்வொரு வருடமும் கழகம் சிறிதாகிக்கொண்டு வந்தது. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, அங்கிருந்து சிலாபம், கடைசியில் முந்தலில் இறால் பண்ணை முதலாளி ஒருவர் வைத்திருந்த கழகம். கிழமை நாட்களில் பண்ணைக்குக் காவல், ஞாயிறு ஆட்டம். எந்தக் கழகமும் உன்னைப் போ என்று சொன்னதில்லை. "அடுத்த சீசனுக்குச் சொல்லி அனுப்புறம்" என்பார்களாம். "சொல்லி அனுப்புறம் எண்டவங்க ஒருத்தரும் சொல்லி அனுப்பல்ல நானா" என்றாய். அதை நீ முறைப்பாடாகச் சொல்லவில்லை. கடல் நிலவரம் சொல்வது மாதிரிச் சொன்னாய். அன்று என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலுமாரி சுட்டது. ஒரே ஒரு இடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதன் மேல் நான் சாரியை மடித்து வைத்திருந்தேன்.

யுத்தம் முடிந்து உன் தங்கச்சி குடும்பம் மன்னாருக்குத் திரும்பியபோது நீயும் போனாய். உனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை. மாறிக்கொண்டே இருப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பாய். போகும் நாள் காலையில் நாம் இரண்டு பேரும் மையவாடிக்குப் போனோம். உன் வாப்பாவின் கபுறடியில் கடலில் எடுத்த ஒரு முருங்கைக்கல் நட்டிருந்தாய். அதன் பக்கத்தில் நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்தாய்.

"வாப்பாவ இங்க விட்டுட்டுப் போறன். வெள்ளிக்கிழமைல என்ட சலாத்தச் சொல்லுங்க நானா."

"சொல்றன்" என்றேன். இந்த முறை சொன்னதைச் செய்தேன். ஒரு வெள்ளியும் தவறவில்லை, காய்ச்சலில் கிடந்த இரண்டைத் தவிர.

போன வெள்ளிக்கிழமை கழகத்துப் பிள்ளைகள் அந்த மைதானத்திலேயே மேடை போட்டுப் பழைய ஆட்டக்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தக் காலத்து ஆட்களில் மிஞ்சியிருப்பவன் நான்தான். செக்கட்டரி போய்விட்டார், தென்னையடியில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் போய்விட்டார்கள். மேடையில் ஏற்றி, பைனலில் வெற்றிக் கோல் அடித்தவர் என்று என் பேரைச் சொன்னார்கள். மைக்கைக் கையில் தந்தார்கள்.

"அந்தக் கோல நான் அடிக்கல்ல" என்றேன். "அண்டைக்கி என்ட கால்ல திருக்கை முள்ளு. என்ட பேர்ல வேற ஆள் ஆடினார். மன்னார்லரிந்து வந்தவர்." உன் பேரைச் சொன்னேன். உன் வாப்பாவின் பேரைச் சேர்த்துச் சொன்னேன். மதில் கிட்டத்தானே என்று நீ சொன்னது நினைவு வந்தது. இன்னொருமுறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

கழகத் தலைவர், என் மகளை விட இளையவர், என் காதருகில் குனிந்தார். "மாமா, அந்தக் கப்பு இன்னும் கழகத்துக்குள்ள இரிக்கி."

"இரிக்கட்டும் மகன். பேர மட்டும் மாத்துங்க."

பின்னால் இருந்து யாரோ, "அப்ப முந்தலுக்குத் திருப்பிக் குடுக்கணுமே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பேசி முடித்துவிட்டேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். பொன்னாடையும் போர்த்திவிட்டார்கள். முப்பது வருடம் நான் பயந்த கதை அவர்களுக்கு ஒரு பகிடி. கோபிக்க ஒருவரும் மிச்சம் இல்லை. வெட்கப்பட வேண்டியவனும் நான் ஒருவன்தான் மிச்சம். உன் பேரைக் கேட்டுத் திரும்பிப் பார்க்க நீயும் இல்லை. நேரத்தோடு சொல்லியிருந்தால் நீ அந்தச் சனத்துக்குள் எங்காவது குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்திருப்பாய்.

வீட்டுக்கு வந்து சான்றிதழைக் கழற்றினேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அலுமாரியைத் திறந்து கடிதத்தையும் எடுத்தேன்.

இன்றும் வெள்ளிக்கிழமை. நீ போன பிறகு உன் சலாத்தை இன்னும் சொல்லலாமா என்று எனக்கு ஐமிச்சம் இருந்தது. அனுப்பியவரே போய்விட்டாரே. பள்ளி ஹஸ்ரத்திடம் கேட்டேன். "ஒப்படச்ச சலாம் அமானிதம் நானா, நீங்க இருக்கும் வரைக்கும் சொல்லுங்க" என்றார். அதனால் ஜும்ஆ முடிந்து மையவாடிக்குப் போனேன். மீன் மணம் இன்னும் கையில் இருந்தது.

முதலில் என் சலாம். பிறகு உன்னுடையது. பிறகு கடிதத்தை விரித்துப் பிடித்தேன். மடிப்புகள் எல்லாம் கிழிந்துவிட்டன. என் கண்ணுக்கு அது வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்தான். ஆனாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, பாமசிக்காரர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சத்தமாகச் சொன்னேன். முதல் வரியில் என் பேர் வரும். அந்த இடத்தில் உன் பேரைச் சொன்னேன், இன்னாரின் மகன் என்று உன் வாப்பாவின் பேரையும் சேர்த்து. வரவும் என்ற சொல்லை ஒருமுறை சொன்னேன். கொஞ்சம் நின்று, திரும்பச் சொன்னேன்.

"ஒங்கட மகனக் கூப்பிட்டு அனுப்பினாங்க வாப்பா" என்றேன். "நான்தான் சொல்லல்ல."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அலுமாரிக்குத் திருப்பி அனுப்பவில்லை. உன் சலாமும் அதுவுமாக இப்போது ஒரே பையில்தான் இருக்கின்றன.